முதலில் உட்காரும் இடம், அப்புறம் படம்: மதுரையில் வரையப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு விளக்குத்தூண் பக்கத்தில் பரீட்சை அட்டையும் கையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றால் அது எங்கள் குழு. ஒரு தையல்காரர், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், வங்கி வேலையில் ஓய்வு பெற்ற ஒரு அக்கா, ஆட்டோ ஓட்டும் தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் வாண்டுகள். ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதியவன். பிளெக்ஸ் வந்து அந்த வேலை நின்றது. கை நிற்கவில்லை. அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது.

"நாங்களும் வரைய ஆசைப்படுகிறோம், எங்கே போவது, எப்படித் தொடங்குவது?" என்று கேட்கிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்காக எங்களுக்குப் பிடித்த இடங்களையும், அங்கே என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன்.

சுவர் விளம்பரத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிரஷைத் தொடுவதற்கு முன் சாரத்தைக் கட்ட வேண்டும். சாரம் ஆடினால் எழுத்தும் ஆடும். வெளியில் போய் வரைவதற்கும் அதே கதைதான். புதிதாக வருகிறவர்கள் அழகான காட்சியைத் தேடி நடந்துகொண்டே இருப்பார்கள். நல்ல காட்சி கிடைத்ததும் நட்ட நடு வெயிலில், வண்டி வரும் பாதையில் நின்று வரையத் தொடங்குவார்கள். கால் மணி நேரத்தில் கால் வலிக்கும், கண் கூசும், படத்தைப் பாதியில் மூடிவிடுவார்கள். நீங்கள் முதலில் உட்கார இடம் பாருங்கள். நிழல் இருக்கிறதா, முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறதா, ஒரு மணி நேரம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருக்க முடியுமா? இருந்தால் அங்கே உட்கார்ந்துவிட்டு அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். மதுரையில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் எதிரே வரைய ஏதோ ஒன்று நிற்கும்.

கொண்டுவர வேண்டியது கொஞ்சம்தான். கிளிப் வைத்த பரீட்சை அட்டை. அதில் ஏ4 அளவுக்கு வெட்டிய கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது வரைவதற்கான தடித்த தாள், நாலைந்து. 2பி, 4பி என்று கேட்டால் கிடைக்கும் மென்மையான, கறுப்பான பென்சில் ஒவ்வொன்று. ஒரு பால்பாயின்ட் பேனா. பழைய பனியன் துணி ஒரு கிழிசல். குடிக்கத் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு. ரப்பர் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லுவேன். ரப்பர் இருந்தால் முதல் அரைமணி நேரம் அழிப்பதிலேயே போய்விடும். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், கண் தானாகச் சரியானதை எடுத்துக்கொள்ளும். கலர் பெட்டி மூன்றாவது மாதத்துக்கு மேல் போதும்.

விளக்குத்தூணில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பெயர் தெரியாதவர்கள் மதுரையில் இல்லை, ஆனால் நின்று பார்த்தவர்கள் குறைவு. மதுரையைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரிய விட்ட கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கு அது. அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. உயரமும் அளவு, உருவமும் எளிது. முதல் நாள் வருகிறவருக்கு ஏற்ற பாடம். பென்சிலைக் கையில் நிமிர்த்திப் பிடித்து, கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பென்சில் முனை தூணின் உச்சியைத் தொட, கட்டைவிரல் அடியைத் தொட, அந்த நீளம்தான் உங்கள் அளவுகோல். தூணின் அகலம் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்துத் தாளில் குறியுங்கள். முழங்கை மடங்கக் கூடாது, மடங்கினால் அளவு ஒவ்வொரு தடவையும் மாறும். 7 மணிக்கு மேல் வண்டிகள் கூடிவிடும், அதற்குள் எழுந்துவிடுங்கள்.

அங்கிருந்து நடை தூரத்தில் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனையில் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அன்று இருந்ததில் ஒரு பகுதிதான். மற்றவை போய்விட்டன. சுமார் 40 அடி உயரத்தில் பத்துக் கல்தூண்கள் மட்டும் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நின்றுவிட்டன. மேலே கூரை இல்லை, தாங்குவதற்கு ஒன்றுமில்லை. தூண்களுக்கு நடுவே மின்கம்பி, கடை போர்டு, சேலை மூட்டை தூக்கிப் போகிறவர்கள். எங்கள் குழுவுக்கு மதுரையிலேயே மிகப் பிடித்த இடம் எது என்று ஓட்டெடுத்தால் இதுதான் ஜெயிக்கும்.

ஞாயிறு காலை கடைகள் திறப்பதற்குள் போய்விட வேண்டும். மூடிய ஷட்டருக்கு முன்னால் இருக்கும் படியில் உட்காரலாம். அது இன்னொருவர் பிழைக்கும் வாசல் என்பதை மறக்காதீர்கள். கடைக்காரர் சாவியோடு வந்ததும் அவர் சொல்லும் முன்பே எழுந்து, படியைத் துணியால் ஒருமுறை தட்டிவிட்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்ததில், ஒரு கடைக்காரர் இப்போது எங்களுக்காக இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்துப் போடுகிறார்.

இங்கே வரையும்போது பத்துத் தூணையும் தாளுக்குள் அடக்க நினைக்காதீர்கள். ஒன்றை முழுசாக, அடுத்ததைப் பாதியாக, மூன்றாவதைக் கோடாக வையுங்கள். தூணைத் தனியாக வரைந்தால் அதன் உயரம் தெரியாது. அதன் அடியில் ஒரு ஆளைப் போடுங்கள், சைக்கிளைப் போடுங்கள். ஆள் தலை எங்கே வருகிறது என்று பென்சிலால் அளந்து, அதற்கு மேல் எத்தனை ஆள் உயரம் தூண் போகிறது என்று எண்ணுங்கள். தையல்காரர் இதை முதல் தடவை எண்ணிவிட்டு, "அண்ணே, ஏழு ஆள் ஏறி நிக்கணும்ணே" என்றார். அன்றைக்கு அவர் வரைந்த தூண் தாளின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. நான் அதைத்தான் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினேன். அந்தத் தூணுக்கு அது நியாயமான முடிவு.

அரண்மனை 9 மணிக்குத் திறக்கும். சந்தில் முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, நேராகப் போகலாம். 1636இல் கட்டியது. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்தில் அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள் என்பது வரலாறு. மிச்சம் இருந்ததை 1866 முதல் 1872 வரை, நேப்பியர் பிரபு சென்னை கவர்னராக இருந்தபோது, செப்பனிட்டார்கள். அப்புறம் நெடுங்காலம் அது கோர்ட்டாகவும் இருந்தது.

உள்ளே போனதும் எல்லாரும் செய்கிற தப்பு, நடுமுற்றத்தில் நின்று மொத்தத்தையும் வரையப் பார்ப்பது. முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்துக்குப் போங்கள். அங்கே ஒரு தூணுக்கு அருகில் உட்கார்ந்து, தூண் வரிசை தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போவதைப் பாருங்கள். தண்டவாளம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒன்று சேருகிற மாதிரி, எல்லாத் தூணின் அடியும் ஒரு புள்ளியை நோக்கிப் போகும், எல்லாத் தூணின் தலையும் அதே புள்ளிக்கு இறங்கும். அந்தப் புள்ளி உங்கள் கண் உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் உட்கார்ந்தால் அதுவும் தாழும், எழுந்தால் ஏறும். நாங்கள் நூல் அடிக்கிற மாதிரி இதைச் சொல்லிக் கொடுப்பேன். சுவரில் எழுதும்போது கலர்ப்பொடி தேய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். தாளில் அந்தப் புள்ளியில் ஒரு நூல் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை முதல் தூணின் தலைக்கு இழுங்கள். நடுவில் உள்ள எல்லாத் தூணின் தலையும் அந்த நூலுக்கு அடியில் வரிசையாக வந்து நிற்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது புரிகிறது.

அரண்மனைத் தூண்கள் வெறும் கல்லாக நிற்பவை இல்லை. மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி இழைத்தவை. அதனால் வெளிச்சம் அவற்றின் மேல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கல்தூணில் நிழல் வெட்டினாற்போல நிற்கும், இங்கே தூணைச் சுற்றி மெதுவாக வழுக்கிப் போகும். பென்சிலைப் படுக்கப் போட்டு, ஓரத்தில் அழுத்தமாகத் தொடங்கி நடுவுக்கு வர வர அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு விரல் அகலம் வெள்ளையாக விடுங்கள். அந்த வெள்ளைதான் தூணை உருட்டித் தரும். நிழலை விரலால் தேய்த்துப் பூசக் கூடாது, அழுக்காகிவிடும், பனியன் துணி அதற்குத்தான். மேலே வளைவுகளில் சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த அலங்காரம், ஏகமாக இருக்கும். அதில் ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காதீர்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நாங்கள் வரைவதில்லை. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் பையைச் சோதிப்பார்கள். உள்ளே வருகிறவர்கள் சாமி கும்பிட வருகிறார்கள், அவர்கள் வழியில் அட்டையோடு உட்காருவது சரியில்லை. சித்திரை வீதியில் வண்டிகள் வராது, அங்கே ஓரமாக உட்கார்ந்தாலே போதும். அந்தப் பக்கம் போகும் நாளில் பிளேடு, கத்தி எதுவும் பையில் வேண்டாம், ஷார்ப்பனர் வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரத்தில் தெற்குக் கோபுரத்தை எடுங்கள். நான்கு வெளிக்கோபுரங்களில் அதுதான் உயரம், 160 அடி. 1,500க்கு மேல் சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட வரையத் தேவையில்லை. முதலில் தாளின் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, கலசத்துக்கு இடம் விட்டு. அப்புறம் இரண்டு பக்க விளிம்பு. இங்கேதான் கவனம் வேண்டும். தெற்குக் கோபுரத்தின் விளிம்பு அடியிலிருந்து நேர்கோடாக ஏறாது, லேசாக உள்வாங்கி வளைந்து ஏறும். அந்த வளைவு கைக்கு வந்துவிட்டால் யார் பார்த்தாலும் "தெற்குக் கோபுரம்" என்பார்கள். வராவிட்டால் எந்த ஊர்க் கோபுரமாகவும் இருக்கலாம். விளிம்புக்கு அப்புறம் நிலைகள் ஒன்பதையும் பிரியுங்கள், மேலே போகப் போக உயரம் குறைந்துகொண்டே வரும். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சிற்பம் எல்லாம் கரைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். இருட்டுப் புள்ளிகளை மட்டும் வையுங்கள். திருப்பணி நடந்து சாரமும் தட்டியும் கோபுரத்தை மூடியிருந்தால் திரும்பிப் போகாதீர்கள். மூங்கில் சாரம் வரைய அருமையான பொருள். இத்தனை உயரத்துக்குக் கயிற்றை நம்பி ஏறுகிறவர்களின் வேலை அது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு எழுகடல் தெருவில் ராயகோபுரம் இருக்கிறது. புதுமண்டபத்துக்குக் கிழக்கே, நாயக்கர் தொடங்கி முடியாமல் நின்றது. அடித்தளமும், கொடி வளைவுச் செதுக்கல் ஓடும் பிரமாண்டமான வாசல் நிலைக்கால்களும்தான். சுற்றிலும் கடைகள். முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று ஒரு பிள்ளை மேல்பாதியைத் தானே வரைந்து முடித்தாள். அது நல்ல பயிற்சி, நீங்களும் செய்து பாருங்கள்.

இனி ஊருக்கு வெளியே. எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம் கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி ரோட்டில் போய் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பிரிய வேண்டும். மலையடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். வெறும் ஆலமரத்தை வரைந்துவிட்டுத் திரும்பினாலும் அந்த நாள் வீணில்லை.

கோயில் பக்கமிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறை முகத்தில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. சமண முனிவர் பாகுபலி, ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், மற்றத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்களின் பெரும் குருமார்கள். அடியில் வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். ஆயிரத்துக்கு மேல் வருடமான எழுத்து. போர்டு எழுதிய கை எனக்கு, முதல் தடவை அதைப் பார்த்தபோது சிற்பத்தை விட்டுவிட்டு எழுத்துக்கு முன்னால்தான் உட்கார்ந்தேன். வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் உளி எங்கே இறங்கியது, எங்கே திரும்பியது என்று தெரிந்தது. வளைவில் உளி கொஞ்சம் ஆழமாகப் போயிருக்கிறது, கோடு முடியும் இடத்தில் மேலே எழும்பியிருக்கிறது. பிரஷ் பிடிப்பவனும் திருப்பத்தில் அழுத்தி, முடிவில் தூக்குவான். ஒரு எழுத்தை மட்டும் அன்று முழுக்க வரைந்தேன். எழுத்துப் பழகுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஒருமுறை அந்த இடத்தில் உட்கார வேண்டும்.

கல்வெட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கவே கூடாது. சாக்பீஸால் எழுத்தைத் துலக்குவதும் கூடாது. அரசு பாதுகாக்கும் இடம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் விரல் படப் படக் கல்லின் விளிம்பு மழுங்கும். கண்ணால் எடுங்கள், போதும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மேடு பள்ளம் தானாகத் துலங்கும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாயிலுக்குப் பக்கத்தில் மூன்றடுக்குக் குடைக்குக் கீழே பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று சொல்லிவர, குகைக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. உள்ளே மேல்பாறையில் வரிசையாக ஐந்து சிற்பம். முதலாவது, சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு யானைக்காரனை எதிர்த்துப் போகிற ஒரு பெண் தெய்வம். அத்தனை அமைதியான உருவங்களுக்குப் பக்கத்தில் அவள் மட்டும் பாய்கிறாள். அவளை வரையும்போது முகத்தில் தொடங்காதீர்கள். சிங்கத்தின் முதுகிலிருந்து அவள் வில்பிடித்த கை வரைக்கும் ஒரே வீச்சில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு சரியாக வந்தால் மற்றதெல்லாம் அதில் தொங்கிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மே மாதம் நாங்கள் தாமதமாகக் கிளம்பி, மலைக்கு வந்து சேர 9 மணி ஆகிவிட்டது. வந்ததற்குப் பார்த்துவிட்டே போவோம் என்று ஏறினோம். பாறை அதற்குள் கொதித்துவிட்டது. வங்கி அக்காவுக்குப் பாதிப் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோத் தம்பிதான் முதுகில் சாய்த்து இறக்கினான். ஆலமரத்தடியில் மோர் கொடுத்து அரைமணி நேரம் கழித்துத்தான் அவருக்கு முகம் தெளிந்தது. அதிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. மலை என்றால் காலை ஆறரை மணிக்குள் மேலே ஏறியிருக்க வேண்டும், எட்டரை மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை மலையே வேண்டாம். மேலே தண்ணீரோ கழிப்பறையோ கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெண்கள், பிள்ளைகள் வரும் நாளில் இதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

யானைமலையும் அரிட்டாபட்டியும் இதே வகைதான். யானைமலையை ஏறி வரைய வேண்டாம், தூரத்திலிருந்து வரையுங்கள், அப்போதுதான் யானை தெரியும். அடிவாரத்து நரசிங்கத்தில் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தது. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விட்டபோது சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் எழுந்து நின்று, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அங்கே போனால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மலைப்பக்கம் போங்கள். தங்கள் மலையை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரியும்.

மனிதர்களை வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு விளாச்சேரி. திருப்பரங்குன்றத்துக்கு அருகே, தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர். தெரு முழுக்க மண் பொம்மை. கொலு பொம்மை, விநாயகர், கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டுத்தொழுவமும் மேய்ப்பர்களும், எல்லாம் ஒரே வீட்டுத் திண்ணையில் ஒன்றாகக் காயும். நவராத்திரிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு போனால் வேலை மும்முரமாக இருக்கும். ஆனால் நவராத்திரிக்கு முந்தைய பத்து நாளில் போகாதீர்கள், அது அவர்களுடைய வருடத்துச் சம்பாத்தியம் ஓடும் நேரம்.

வாசலில் நின்று, "அக்கா, நாங்க படம் வரையப் பழகுறவங்க. நீங்க வேலை செய்யிறத ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "உக்காருங்க தம்பி" என்றுதான் பதில் வரும். போன தடவை ஒரு பாட்டி மீனாட்சி பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். மற்ற வேலை எல்லாம் முடிந்து, சேலைக்குப் பச்சை, கிளிக்குச் சிவப்பு மூக்கு, எல்லாம் காய்ந்த பிறகு கண் கடைசி. பொம்மையை மடியில் சாய்த்துக்கொண்டு, சுண்டுவிரலைப் பொம்மையின் கன்னத்தில் ஊன்றினார். பிரஷில் நாலைந்து முடிதான் இருக்கும். மூச்சை இழுத்து நிறுத்தினார். மேல் இமை ஒரே கோடு, மூக்குப் பக்கத்தில் மெலிசாகத் தொடங்கி நடுவில் தடித்து, காதுப் பக்கம் மறுபடி மெலிந்தது. மூச்சை விட்டார். அடுத்த கண்ணுக்குப் பொம்மையைத் திருப்பவில்லை, தன் கையைத்தான் திருப்பினார். பொம்மையைத் திருப்பினால் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காதாம். நாங்கள் சுவரில் எழுதும்போது கை நடுங்காமல் இருக்க ஒரு குச்சியை அண்டக் கொடுப்போம். பாட்டிக்குச் சுண்டுவிரலே அந்தக் குச்சி. அன்றைக்கு நான் பாட்டியின் முகத்தை வரையவில்லை. அந்தக் கையை மட்டும் எட்டு முறை வரைந்தேன்.

வேலை செய்கிற கையை வரைய வழி இதுதான்: ஒரே தாளில் சின்னச் சின்னதாகப் பத்துப் படம் தொடங்குங்கள். செய்கிறவர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கை மறுபடி அதே இடத்துக்கு வரும்போது விட்ட படத்தைத் தொடருங்கள். கிளம்பும்போது ஒரு பொம்மையாவது வாங்குங்கள், பேரம் பேசாமல்.

அசைவு பழக மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டும் நல்ல இடம். விடிகாலையில் மல்லிகை மூட்டை வந்து இறங்கும்போது போக வேண்டும். உட்கார முடியாது, நின்றபடி பேனாவால் இரண்டு நிமிடப் படம்தான். ஒருவர், அதிகம் போனால் இருவர் போகலாம், கூட்டமாகப் போனால் வியாபாரம் கெடும்.

சாயங்காலம் மட்டுமே நேரம் கிடைக்கிறவர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். கிட்டத்தட்ட 16 ஏக்கர், நடுவில் மைய மண்டபம், மண்டபத்தைச் சுற்றி மரங்கள். முன்பெல்லாம் பல மாதம் வறண்டு கிடக்கும், உள்ளே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வருவதால் மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் பாக்கியம் நமக்கு. ஐந்து மணிக்கு மேற்குக் கரையில் உட்கார்ந்தால் வெயில் முதுகில், மண்டபத்தின் மேல் பொன் வெளிச்சம். கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் மண்டபம் கறுப்பு நிழலாக, பின்னால் வானம் முழுக்க நிறம். புதியவர்கள் கிழக்குக் கரைக்குப் போங்கள், உருவத்தின் விளிம்பை மட்டும் பிடித்தால் போதும். தண்ணீரில் தெரியும் பிம்பம் நேர் கீழேதான் விழும், பக்கவாட்டில் சாயாது. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தண்ணீர் அசைந்தால் அந்தப் பிம்பத்தைப் படுக்கைக் கோடுகளாக வெட்டுங்கள். தைப்பூசத் தெப்பத்தன்று அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், கையை அசைக்க இடம் இருக்காது.

வரையும்போது பின்னால் ஆள் வந்து நிற்பார்கள். கூச்சப்படாதீர்கள். "எந்தப் பத்திரிகைக்கு?" என்று கேட்பார்கள், "என்னையும் வரையேன்" என்பார்கள். சிரித்துப் பதில் சொல்லுங்கள், ஆனால் பென்சிலை நிறுத்தாதீர்கள். அவர்களே கொஞ்ச நேரத்தில், "இந்த ஜன்னல் இன்னும் கீழே இருக்கு" என்று சொல்லத் தொடங்குவார்கள். முக்கால்வாசி அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். தினமும் அந்த ஜன்னலைப் பார்க்கிறவர்கள் அவர்கள். போனில் படம் பிடித்து வீட்டுக்குப் போய் வரையலாம் என்று நினைக்காதீர்கள். ஜன்னல் கீழே இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

முடித்ததும் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, எல்லாரும் சுற்றி நின்று பார்ப்போம். ஒவ்வொருவரும் அடுத்தவர் படத்தில் தங்களுக்குப் பிடித்த ஒரு கோட்டைத் தொட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நல்லது கெட்டது பேச்சு இல்லை. குளிர் மாதம் என்றால் தள்ளுவண்டியில் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் மணக்க. வெயில் மாதம் என்றால் ஜிகர்தண்டா. பிள்ளைகளுக்கு அதில் கடல்பாசி அதிகம் போடச் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே எங்கும் உட்கார முடியாது. அப்போது நாங்கள் காந்தி மியூசியத்துக்குப் போவோம். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை அது, 1959இல் நேரு மியூசியமாகத் திறந்துவைத்தார். வளைவுகள், தூண்கள், வெள்ளைச் சுவர், சுற்றிலும் பெரிய மரங்கள். மழை விடும் வரை சுவரோரம் நின்று, நனைந்த மரத்தண்டு எவ்வளவு கறுப்பாகிறது என்று பாருங்கள். 4பி பென்சில் அதற்குப் பத்தாது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் வீட்டிலிருந்து நல்ல அடுப்புக்கரி ஒரு துண்டு, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.